குதிகாலில் இருந்த பொட்டு

தெய்வானையின் வலது குதிகாலில் இருந்த அந்தக் கறுப்பை அம்மன் வைத்த பொட்டு என்று முதலில் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

தெய்வானை யார் என்று சொல்லிவிடுகிறேன். பசறையிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். நானும் அவளும் ஒரே லயம், தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த வீடு. கொழுந்து எடுக்கும்போதும் என் நிரைக்குப் பக்கத்து நிரை அவளுடையது. என்னைவிட ஆறு வயது இளையவள், இப்போது நாற்பத்தாறு. மலை ஏறுவதற்குள் எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும். அவள் மட்டும் பேசிக்கொண்டே ஏறுவாள்.

கங்காணி ரெங்கசாமி அண்ணன், "தெய்வான, வாய்க்கு ஒரு கூடை, கொழுந்துக்கு ஒரு கூடைன்னு ரெண்டா கட்டிக்க" என்பார்.

"வாய்க் கூடையவும் நிறுத்துப் பாருங்கண்ணே. ஈரம்னு சொல்லி அதுலயும் ரெண்டு கிலோ வெட்டிடாதீங்க" என்பாள் அவள். மலையே சிரிக்கும்.

அவள் மகள் விதுஷாவுக்கு ரெண்டு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தால் வருசா வருசம் தீ மிதிக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. இப்போது பதுளையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறது. தெய்வானை ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

தீக்குழியில் இறங்கும் பெண்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவிவிடுவது என் வேலை. என் மாமியார் செய்தது, அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. முகத்தைப் பார்க்காமலே, காலைப் பார்த்து இன்னார் என்று சொல்வேன். யாருக்குப் பித்தவெடிப்பு, யாருக்குக் கால் ஆணி, எல்லாம் எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முந்திய திருவிழாவில், குழியை விட்டு ஏறி வந்த தெய்வானையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளம் ஒன்றும் இல்லை. குதிகாலில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. தேய்த்தேன், போகவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அடியே, ஆத்தா உனக்குப் பொட்டு வச்சிருக்காடி!" என்று கத்தினேன்.

நின்ற பெண்கள் எல்லாம் வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தெய்வானை அழுதாள். அன்றிலிருந்து யாராவது கேட்டால் செருப்பைக் கழற்றிக் காட்டுவாள்.

அடுத்த வருடம் அது பெருவிரல் ரேகை அளவு ஆகியிருந்தது. ஓரம் ஒரே சீராக இல்லை, கிழிந்த துணி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் கரிக் கறுப்பு, ஒரு பக்கம் தேயிலைச் சாயம் போலப் பழுப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அருள் வளருதுடி" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.

போன வருடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது துணியில் ரத்தம் வந்தது.

"அட்டை கடிச்சிருக்கும்க்கா, விடு" என்றாள்.

மழைக்காலத்தில் எங்கள் காலில் அட்டை ஏறாத நாள் கிடையாது. விரல் இடுக்கில் எல்லாம் தேடினேன். அட்டை இல்லை. கடித்த தடமும் இல்லை. ரத்தம் அந்தப் பொட்டிலிருந்துதான் கசிந்தது. மேளம் அடித்துவிட்டார்கள். மஞ்சளை அப்பி அனுப்பிவிட்டேன். அவள் நெருப்பில் நடந்து போனாள்.

நாலு நாள் கழித்து, பிள்ளைகளைப் பகலில் விட்டுப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் பெண்களுக்குக் கிளினிக் நடந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மார்பும் கர்ப்பப்பையும் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரி, டாக்டர் வதனி என்று ஒரு பிள்ளை வந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம்.

டாக்டர் குனிந்து தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து நாங்கள் உட்காரும் கதிரை வரைக்கும் சிமெந்தில் சிவப்பாகத் தடம். ஒற்றைக் காலின் தடம் மட்டும்.

"இது ஆருடைய கால்?"

"என்னோடதுதாங்க டாக்டரம்மா" என்றாள் தெய்வானை. பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினாள். "ஆத்தா வச்ச பொட்டுங்க. கொஞ்சம் கசியுது."

அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தார். அடிமட்டம் வைத்து அளந்தார். தொடை மடிப்பில் விரலால் அமத்திப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா இருக்குது? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. முதல் எவ்வளவு பெருசு?"

தெய்வானைக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் உள்ளங்காலை யார்தான் பார்க்கிறார்கள்? எனக்குத் தெரிந்திருந்தது. மிளகு, பெருவிரல் ரேகை, இப்போது காம்பு கிள்ளி மடித்த வெற்றிலை அளவு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு வருசமும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தனீங்களா, அம்மா?"

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"இது தோலில வாற புற்றுநோயா இருக்கலாம். மெலனோமா எண்டு சொல்லுறது. துண்டு வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். கடிதம் தாறன், நாளைக்கே பதுளைக்குப் போங்கோ."

வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாயில் வருவது தெரியும். மார்பில் வருவது தெரியும். குதிகாலில் புற்றுநோயா? நெருப்பை மிதித்ததால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்.

"வெயிலில நிக்கிற வெள்ளைக்காரருக்குத்தான் வரும் எண்டு கனபேர் நினைக்கினம். எங்கட நிறத்து ஆக்களுக்கு உள்ளங்காலில, உள்ளங்கையில, நகத்துக்குக் கீழதான் கூடுதலா வரும். ஒருத்தரும் பார்க்காத இடம்."

வெளியே வந்ததும் தெய்வானை கடிதத்தை நாலாக மடித்து என் கையில் திணித்தாள்.

"நான் போவல. ஆத்தா வச்சத கத்தியால வெட்டுவாங்களா?"

"அவங்க படிச்சவங்க, தெய்வான."

"நீதானக்கா சொன்ன! உன் வாயாலதான சொன்ன. அப்ப ஆத்தா பொய்யா?"

அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் போனில் அழுதும் கேட்கவில்லை. "லெட்சுமக்கா சொன்னது பொய்யாப் போகாது" என்று என் பேரைச் சொல்லியே மறுத்தாளாம். ஒரு நாள், ரெண்டு நாள், ஆறு நாள் போயிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. அந்த ஆறு நாளும் சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்து, தாயே, நீ என் காதில் ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால், ஆத்தா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஏழாம் நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். கூடையை இறக்கி வைத்தேன்.

"எல்லாரும் கேளுங்க. தெய்வான கால்ல இருக்கிறது பொட்டு இல்ல. அது நோய். ஆத்தா ஒண்ணும் சொல்லல. சொன்னது நான். நான் சொன்னது தப்பு."

பின்னால் ஒருத்தி, "அப்ப நாங்க தொட்டுக் கும்புட்டது என்னாத்த?" என்றாள். இன்னொருத்தி, "இனிமே இவ கையால கால் கழுவணுமா?" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

தெய்வானை என் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஆறு நாள் மிச்சம்" என்றாள். "காலையில மொத பஸ். நீயும் வர்ற. என் செருப்ப நீதான் தூக்கிக்கிட்டு வரணும்."

பதுளை பெரியாஸ்பத்திரியில் சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். குதிகாலில் அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் மிஞ்சியது. ஆனால் தொடை இடுக்கில் ஒரு நெறிக்கட்டிக்கும் அது பரவியிருந்தது. அதையும் எடுத்தார்கள். இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து வாயைத் திறக்கிற வரைக்கும் எங்கள் இருவருக்கும் உயிர் இல்லை.

"மிளகு அளவுல வந்திருந்தா?" என்று ஒரு நாள் டாக்டர் வதனியிடம் கேட்டேன்.

"சின்ன வெட்டோட முடிஞ்சிருக்கக்கூடும்" என்றார்.

அக்கா தங்கச்சிமாரே, முகத்தில் ஒரு பரு வந்தால் எத்தனை தடவை கண்ணாடி பார்க்கிறோம். மாதத்தில் ஒரு நாள் சவர்க்காரம் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கு, உள்ளங்கை, நகம், எல்லாம். எங்கள் கையில் எப்போதும் கொழுந்துக் கறை இருக்கும், ஆனால் கறை நாளடைவில் போய்விடும். போகாத கறுப்பு, பெருகுகிற கறுப்பு, ரெண்டு நிறம் காட்டுவது, ஓரம் கோணலாகிப் போவது, ஆறாத புண், நகத்தில் அகலமாகிக்கொண்டே வரும் கறுப்புக் கோடு, இப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாக் கறுப்பும் நோய் இல்லை. ஆனால் எது நோய், எது இல்லை என்று சொல்கிற வேலை நம்முடையது இல்லை. முதுகைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுங்கள். வெட்கம் பார்க்க வேண்டாம்.

இந்த வருடத் திருவிழாவிலும் கால் கழுவ என்னைத்தான் கூப்பிட்டார்கள். விதுஷாவைக் காப்பாற்றிக் கொடுத்த ஆத்தாவை நான் எப்படி விடுவேன்? மலை ஏற முடியாத தெய்வானை பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாள். நான் கழுவக் கழுவ அவள் வெளிச்சம் அடித்தாள்.

"கால் கழுவுறீங்களா, மாணிக்கம் தேடுறீங்களா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டது.

"உன் கால்ல மாணிக்கமா? சேத்துப்புண்ணுதான் இருக்கு. போ, காஞ்ச துணியால தொடச்சுக்க" என்றாள் தெய்வானை.

எல்லாரும் குழிப் பக்கம் போன பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"உன் காலக் காட்டுக்கா."

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை வருடம் இத்தனை பேர் காலைக் கழுவியிருக்கிறேன். என் காலை யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. படியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினேன். இடது காலில் நடுவிரலுக்குக் கீழே கறுப்பாக ஏதோ இருந்தது.

"அது கறைடி" என்றேன். "கொழுந்துக் கறைதான்."

"நீ வாய மூடு" என்றாள் தெய்வானை. வெட்டித் தைத்த காலை நீட்டி வைத்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தாள். மஞ்சள் தண்ணீரை அள்ளி என் பாதத்தில் ஊற்றி, பெருவிரலால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். "கழுவிப் பாத்துட்டு நான் சொல்றேன்."