இத்ரூஸின் கோப்பியும் நூருன்னிஸாவின் நாக்கும்

இத்ரூஸுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட இரண்டு தரம் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருவார். கட்டாரில் ஒரு ஹோட்டலில் கோப்பி போடும் வேலை பார்த்த காலத்தில் அந்தக் குணம் அவருக்குக் கைகொடுத்தது. எஸ்பிரெஸோ, லாட்டே, கப்புச்சினோ என்று நாள் முழுக்க நின்றபடியே போட்டுக் கொடுத்தார். ஊருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. மாத்தளையை அடுத்த பலாபத்வலையில் யாழ்ப்பாணம் போகும் வீதியோரம் சின்னக் கடை ஒன்றை எடுத்தார். பழைய எஸ்பிரெஸோ மெஷின் ஒன்றைக் கொழும்பில் தேடிப் பிடித்து, வேனில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

கடை திறந்த மாதத்தில் கிருஷாந்தினி ஒரு வேனை நிறுத்தினாள். வெளிநாட்டுப் பயணிகளைத் தம்புள்ளைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி அவள். வந்தவர்களில் ஒரு வயதான பெண் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"அண்ணே, இது என்ன கொட்டைன்னு கேக்குறாங்க."

"எஸ்பிரெஸோ கொட்டை."

கிருஷாந்தினி அதை மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எஸ்பிரெஸோங்கிறது போடுற முறைதானேண்ணே. இவங்க கேக்குறது கொட்டை என்ன இனம்னு. அரபிக்காவா, ரொபஸ்டாவா?"

இத்ரூஸ் கொட்டைப் பையைத் திறந்து பார்த்தார். கட்டார் ஹோட்டலில் தூள்தான் பைகளில் வந்தது. அங்கே அவர் கொட்டையைக் கண்ணால் பார்த்ததே குறைவு. இங்கேயும் மாத்தளைச் சந்தையில் கிடைத்ததை வாங்கி, கருக வறுத்து, அரைத்துப் போட்டார். இத்தனை வருடம் செய்த தொழிலில் பாதிதான் தனக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அதன் பிறகு அவர் கால் தரையில் நிற்கவில்லை. பல்லேகம பஸ்ஸில் ஏறிப் போய், மலைத் தோட்டங்களில் விளைந்த அரபிக்காவைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். கொட்டை நீளமாக, நடுக்கோடு வளைந்து இருந்தது. வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே வளர்ந்த ரொபஸ்டாவையும் வாங்கினார். அது உருண்டையாக, நேர்கோட்டோடு இருந்தது. தூளை ஊறவைத்து அமுக்குகிற கண்ணாடிக் குவளை வந்தது. கடதாசி வடிகட்டி வந்தது. காலையில் ஒரு வகைக் கொட்டையை மெஷினில் போட்டார், மத்தியானம் வேறொன்றைக் குவளையில் ஊறவைத்தார், அசர் தொழுகைக்குப் பிறகு வறுவலை மாற்றினார். ஒவ்வொன்றையும் தானே குடித்துப் பார்த்தார்.

"நேத்து குடிச்சது அருமையா இருந்திச்சி," என்றார் லொறி ஓட்டும் மாணிக்கவாசகம். "இன்னைக்கு மருந்து மாதிரி இருக்கே. என்ன செஞ்சீங்க?"

நேற்று என்ன செய்தோம் என்பது இத்ரூஸுக்கு நினைவில்லை. அதுதான் அவரை இன்னும் அலைக்கழித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் எத்தனை கோப்பை குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எண்ணினதில்ல டொக்டர்."

"இனி எண்ணவும் தேவையில்ல. நான் சொல்ற வரைக்கும் கோப்பி பக்கமே போகக்கூடாது."

வீட்டுக்கு வந்த இத்ரூஸ் அறைக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். மனைவி நூருன்னிஸா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோப்பி குடிப்பவள் அல்ல, பால் சேர்க்காத பிளேன்டீதான். அந்த வாசனையே தலைவலி என்பாள்.

"கடையை மூடிடப் போறேன்," என்றார். "ருசி பாக்க ஏலாதவன் எப்பிடிக் கோப்பி விக்கிற?"

"நான் குடிச்சிப் பாக்குறேன்."

"நீயா?"

"எனக்கும் நாக்கு ஈக்கிதானே."

மறுநாள் கடையில், அதுவரை செய்ததையெல்லாம் அவர் மூச்சுவிடாமல் சொன்னார். நூருன்னிஸா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "கொட்டையையும் மாத்துறீங்க, போடுற விதத்தையும் மாத்துறீங்க, வறுவலையும் மாத்துறீங்க. பிறகு எது கெடுத்திச்சி எண்டு எப்பிடித் தெரியிற? ஒண்ட மட்டும் மாத்துங்க. மத்ததையெல்லாம் அப்பிடியே வைங்க."

இத்ரூஸ் அரபிக்காவை மட்டும் எடுத்து, ஒரே வறுவலில், மூன்று விதமாகப் போட்டார். அந்தந்த முறைக்குத் தக்கபடி அரைத்தார்: மெஷினுக்கு மாவுபோல, ஊறவைப்பதற்குக் குருணையாக, வடிகட்டிக்கு இரண்டுக்கும் நடுவில். நூருன்னிஸா ஒவ்வொன்றாக வாயில் வைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

"உக்காருங்க. தலை சுத்துது." ஒரு மிடறு. "மெஷின்ல வந்தது சீனிப்பாணியாட்டம் தடிப்பு, நாக்கில ஒட்டுது. ஊறவச்சதில அடியில மண்டி. வடிச்சது லேசா, தண்ணி மாதிரி தெளிவு. ஆனா மூணுலயும் ஒரே புளிப்பு ஈக்கி."

"எப்பிடிப் புளிப்பு? தேசிக்காயா?"

"இல்ல. மாதுளை. தின்ன பிறகு வாயில நிக்குமே, அது."

அடுத்த நாள் இரண்டு கொட்டைகளையும் தனித்தனியாக, ஒரே விதமாக வடிகட்டியில் வடித்தார். ரொபஸ்டாவில் அந்தப் புளிப்பே இல்லை. கசப்பு முன்னால் வந்தது என்றாள், கருகின தேங்காய்ச் சிரட்டை மாதிரி. பாலும் சீனியும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்றாள். எந்த விதமாகப் போட்டாலும் கொட்டையின் குணம் கொட்டையோடுதான் வந்தது. முறை மாறும்போது கனமும் தெளிவும் மாறின. இத்ரூஸ் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடை மூடப்படவில்லை. கிருஷாந்தினியின் பயணிகளுக்கு அரபிக்காவை வடித்துக் கொடுத்தார். மாணிக்கவாசகத்துக்கு ரொபஸ்டாவில் மெஷின் கோப்பி, பாலோடு. அவர் தினமும் ஒரே ருசியைக் குடித்துவிட்டுப் போனார். புதுக் கொட்டை வரும்போதெல்லாம் நூருன்னிஸா வந்து குடித்துச் சொன்னாள். தலைவலி என்ற பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனால் இத்ரூஸுக்கு நிம்மதி வரவில்லை. தான் விற்கும் கோப்பியை அவள் வாய் வழியாகத்தான் அறிய முடிகிறது என்பது முள்ளாகக் குத்தியது. அவள் சொன்ன மாதுளையைப் பற்றி பஸ்ஸில் போகும்போதும் யோசித்தார்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு டொக்டர் நாளுக்கு அரைக் கோப்பைக்கு அனுமதி கொடுத்தார். இத்ரூஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்து அரபிக்காவை வடித்தார். நின்றபடியே ஒரு வாய் குடித்தார்.

"மாதுளை இல்ல," என்றார்.

"அப்ப என்ன?"

அந்தப் புளிப்புக்கு ஒரு பேர் தேடி இன்னொரு வாய் குடித்தார். வாசல்வரை போனார், தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ் ஒன்றைப் பார்த்தார், திரும்பி வந்தார். நூருன்னிஸா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"கோப்பையில இன்னும் ஈக்கி. உக்காந்து குடிங்க. பிறகு சொல்லுங்க."

இத்ரூஸ் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.