தெருவுக்கே இடுப்பு வலி

"நம்ம வீட்டுக் கல்யாணத்தன்னிக்கு மட்டும் தெருவுக்கே இடுப்பு வலி வந்துடுச்சு!"

இதைச் சொல்லாமல் ஒஸ்னாத் ஒரு நாளும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. பேரீச்சம்பழம் மசிக்கும்போது பழத்திடம் சொல்வாள். மாவு உருட்டும்போது மாவிடம் சொல்வாள். கேட்க ஆள் கிடைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்வாள்.

இஸ்ரேலின் ரமத் கானில், பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் தெரு அது. மூன்றாவது மாடியில் அவள் வீடு. வயது அறுபத்து நான்கு. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. தெருவில் யார் செத்தாலும், ஏழு நாள் துக்கம் காக்கிற வீட்டுக்கு முதலில் போகிற பானை ஒஸ்னாத்துடையதுதான். அழுகிறவர்களைத் தேற்றவெல்லாம் அவளுக்குத் தெரியாது. "முதல்ல சாப்பிடு, அப்புறம் அழு. காலி வயித்துல அழுதா தலைதான் வலிக்கும்" என்று சொல்லி, கரண்டியைக் கையில் திணித்துவிட்டு வந்துவிடுவாள்.

ஒரே மகன் யானிவ். இந்த வசந்தத்தில் அவன் அசாஃபைத் திருமணம் செய்துகொண்டான். ஒரு பந்தல், இரண்டு மாப்பிள்ளைகள். கடைசியில் வழக்கப்படி கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பது யார் என்று கேள்வி வந்தபோது, ஆளுக்கொன்றாக இருவருமே உடைத்தார்கள். "மத்தவங்க வீட்டுல ஒரு கோப்பை, எனக்கு ரெண்டு. பெருக்குறதும் ரெண்டு மடங்கு" என்பாள். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் காரம் இருக்காது.

கல்யாணம் முடிந்ததும், வந்தவர்களுக்கெல்லாம் ஃபோனில் நன்றி அனுப்பிவிடலாம் என்றான் யானிவ்.

"ஃபோன்லயே சூப்பும் ஊத்துவியாடா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள், காய்கறிக்குக் கொண்டுபோகிற சக்கரப்பையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். உள்ளே பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கட், மேலே எள். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவர் கதவையும் தட்டி, அதே நான்கு வாக்கியங்களைச் சொல்கிறாள்: "வந்த. ஆடின. நல்லாயிரு. டப்பாவத் திருப்பிக் குடுத்துடு."

முதல் டப்பா மேல்மாடி லுட்மிலாவுக்குப் போனது. எழுபத்தைந்து வயது, ரஷ்யாவிலிருந்து வந்தவள். அறுவை சிகிச்சை செய்து இடுப்பில் உலோகம் வைத்திருக்கிறது. அவள்தான் ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடியவள்.

"இவளுக்கு இருக்கறதே இரும்பு இடுப்பு. இவ ஆடினா!" என்று ஒஸ்னாத் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மெதுவாப் பேசு ஒஸ்னாத். ரெண்டாவது மாடியில காது ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் லுட்மிலா.

இரண்டாவது மாடியில் சிம்ஹாவின் வீடு. கீழே இறங்கும்போது ஒஸ்னாத்தின் சக்கரப்பை அந்தக் கதவுக்கு முன்னால் வந்ததும் ஏனோ மெதுவாகிவிடும். ஒருநாள் கதவு திறந்தது.

"வாசனை ஆளத் தூக்குதே அக்கா. எனக்கில்லையா?"

"வந்தவங்களுக்கு மட்டும்தான் சிம்ஹா. உன் இடுப்பு எப்படியிருக்கு?"

"இப்ப தேவலாம்க்கா."

"பாத்து நட. அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி பிடிச்சுக்கப் போவுது."

சிம்ஹாமேல் அவளுக்கு உண்மையான கோபம் கிடையாது. வேறொருவர் இருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஏழு நாள், தினம் ஒரு வீட்டில் விருந்து. விருந்து முடிவில் தம்பதிக்கு ஏழு வாழ்த்துகளைச் சொல்லுவார்கள். ஆனால் சும்மா சொல்லிவிட முடியாது. கல்யாணத்துக்கு வராத ஒருவராவது அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருக்க வேண்டும். புது முகம் இல்லையென்றால் வாழ்த்தும் இல்லை. முதல் ஆறு நாளும் புது முகத்துக்குக் கஷ்டமே இல்லை. "வராதவங்களுக்கா இந்த ஊர்ல பஞ்சம்!" என்றாள் ஒஸ்னாத். ஏழாம் நாள் விருந்து அவள் வீட்டில். அதற்கு அவள் ஒரே ஒரு முகத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தாள்: அண்ணன் சாசோன்.

சாசோன் ஜெப ஆலயத்தில் முன்வரிசைக்காரர். நாற்பது வருடமாக அந்தக் குடும்பத்துக் கல்யாணங்களில் ஏழு வாழ்த்தையும் பாடியது அவர் குரல்தான். யானிவ் கல்யாணத்துக்கு மட்டும் அவர் வரவில்லை.

"அண்ணே, நீ வராதது ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றாள் ஃபோனில். "ஏழாம் நாளுக்குப் புது முகம் வேணும். உன்னவிடப் புது முகத்துக்கு நான் எங்க போவேன்?"

"கிண்டல் பண்ணாத ஒஸ்னாத். ரெண்டு மாப்பிள்ளைக்கு நான் பாடுவேனான்னு கோயில்ல எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க."

"நீ பாடவே வேணாம். சும்மா உக்காந்து சாப்பிடு. யானிவ் பொறந்த எட்டாம் நாள், விருத்தசேதனத்துக்கு அவன் உன் மடியிலதான படுத்துக் கிடந்தான்? அவனைவிட நீதான அதிகமா அழுத?"

 "எத்தனை மணிக்கு?" என்றார் சாசோன்.

ஏழாம் நாள் என்பது சூரியன் மறைவதோடு முடிந்துவிடும். நான்கு மணிக்கெல்லாம் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாயிற்று. கறியுருண்டை மிதக்கும் கிப்பே சூப் ஆறி, மறுபடி சூடேறி, மறுபடி ஆறியது. ஆறாயிற்று.

"அத்தை, கீழ மருந்துக்கடைக்காரரைக் கூட்டிட்டு வரட்டுமா? அவரும் கல்யாணத்துக்கு வரலையே" என்று எழுந்தான் அசாஃப்.

"உக்காரு. வரவேண்டியவர் வந்துக்கிட்டிருக்காரு."

அது பொய்யில்லை. படிக்கட்டில் காலடி கேட்டது. ஒஸ்னாத் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடியில் ஒரு கை. அண்ணனின் கைதான், கடிகாரம் தெரிந்தது. படிக்கட்டு விளக்கு ஒரு நிமிடத்தில் தானே அணைந்துவிடும். அணைந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள். கை அங்கேயே இருந்தது. மறுபடி அணைந்தது. மறுபடி அமுக்கினாள். கூப்பிட்டிருக்கலாம். அவளுக்கு வாய் வராமல் போனது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது கைப்பிடியில் கை இல்லை.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது ஜன்னலில் இருட்டியிருந்தது. இனி மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டும் பயனில்லை.

"பரவால்லம்மா. ஆறு நாள் கிடைச்சுதே" என்றான் யானிவ். அவன் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் அவளால் பொறுக்க முடியாதது.

மறுநாள் காலை அண்ணன் ஃபோன் செய்தார். "படியேற முடியல ஒஸ்னாத். இடுப்பு வலி."

தெரு என்று அவள் தினமும் சொல்வது அந்த ஒரு மனிதரைத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் யானிவும் அசாஃபும் சாப்பிட வருகிறார்கள். நான்காவதாக ஒரு தட்டு வைக்கிறாள். ஏழு நாள் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது யார் வந்தும் அந்த வாழ்த்தைச் சொல்ல முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் வைக்கிறாள்.

அந்தப் பக்கம் போனால் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். மூன்றாவது மாடி, விளக்குப் பொத்தான் கதவுக்கு இடது பக்கம். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம். "கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களா?" என்று ஒரு கேள்விதான் கேட்பாள். இல்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். கைகள் இரண்டும் மாவாக இருக்கும். காலாலேயே நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போடுவாள்.