படிக்கட்டு மெக்கானிக்

கம்பிவடம் எதைக் கண்டாலும் அவருடைய வலது கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போகும். உள்ளே ஒரு பழைய பனியன் துணி எப்போதும் இருக்கும். அதை இரண்டாக மடித்து, வடத்தைச் சுற்றிப் பிடித்து, மெல்ல இழுத்துக்கொண்டே போவார். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். லிஃப்ட் மெக்கானிக்காகப் பழகிய கை, வேலையில்லாத இடத்திலும் சும்மா இருக்காது. துணி காயப்போடும் கம்பி, பக்கத்து வீட்டுச் சைக்கிளின் பிரேக் கம்பி, எதுவும் தப்பாது.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என் பின்னலைத் தடவிப் பாக்கல. பாதி சவுரின்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்பாள் அவர் மனைவி.

தான் தடவிப் பார்க்காத லிஃப்டில் அவர் ஏறமாட்டார். எத்தனை மாடியானாலும் படிதான். கூட வேலை செய்பவர்கள் 'படிக்கட்டு மெக்கானிக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சிரித்துக்கொள்வார். முன்பொரு முறை, வேறொருவர் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டிருந்த வடத்தில் சும்மா துணியை ஓட்டினார். மூன்று இடத்தில் நூல் மாட்டியது. அதற்கு முந்தின நிமிடம் வரை அந்த லிஃப்டில் குழந்தைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்துதான் இந்தப் படி.

அவளுக்கோ முழங்கால் வலி. அவள் லிஃப்டில் போவாள், அவர் படியில் வருவார். மேலே படிக்கட்டின் வாயிலில் தண்ணீர் பாட்டிலோடு அவள் காத்து நிற்பாள். மூன்றாவது மாடி என்றால் மூச்சு மட்டும் கேட்கும். ஆறாவது என்றால் இருமலும் சேர்ந்து கேட்கும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் எந்த மாடிக்கும் இருவரும் சேர்ந்து போய்ச் சேர்ந்ததில்லை.

மகள் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு வந்த இடத்தில், ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், மூவரும் மலையடிவாரத்தில் நின்றார்கள். கேபிள் கார் வடம் காட்டுக்கு மேலாக ஏறி மேகத்துக்குள் போய் மறைந்தது. அவர் கை பைக்குள் போனது. வடம் முப்பதடி உயரத்தில் இருந்தது. கை வெறுமனே வெளியே வந்தது.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"அப்பா, தினமும் ஆயிரம் பேர் போறாங்கப்பா."

"அந்த லிஃப்ட்லயும் தினமும் போய்ட்டுதாம்மா இருந்தாங்க."

மனைவி அவரைப் பார்க்காமல் மலையைப் பார்த்தபடி சொன்னாள்: "இங்க படி இல்லீங்க. மேல போய் நான் யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கறது?"

வரிசை நகர்ந்தது. அவர்கள் முறை வந்தபோது அவர் ஒதுங்கி மனைவிக்கும் மகளுக்கும் வழிவிட்டார். காலியாக ஒரு பெட்டி போனது. இன்னொன்றும் போனது. அவளும் ஏறவில்லை.

அப்போதுதான் வடத்தை இழுக்கும் பெரிய சக்கரத்தின் அடியிலிருந்து நீல வேலை உடுப்பில் ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். பின்பையிலிருந்து கறுத்த துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நேராக அவளிடம் போனார்.

"நான் கேட்டுச் சொல்லட்டாப்பா?" என்றாள் மகள். வேண்டாம் என்று கையசைத்தார்.

தன் பனியன் துணியை எடுத்துக் காட்டினார். மடித்தார். காற்றில் இல்லாத வடத்தைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் துணியை உருவி அவர் கையில் கொடுத்தாள். அவர் மோந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் நூல் பிரிந்து கிடந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையைக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தாள். விரல் நுனிகளில், அறுந்த கம்பி குத்திய பழைய புள்ளித் தழும்புகள். அவர் தன் கையை அதன் பக்கத்தில் விரித்தார். அதே இடங்கள், அதே புள்ளிகள். அவள் வாய்விட்டுச் சிரித்து, மேலே போகும் வடத்தைக் காட்டி, அன்று காலை என்பதற்குக் கடிகாரத்தில் ஆறு மணியைத் தொட்டாள்.

"முன்னாடியெல்லாம் நூல் மாட்டியிருக்கு இவளுக்கு" என்றார் மனைவியிடம். "மாட்டினா மறைக்கிற கை இல்ல இது. இன்னைக்குக் காலையிலயும் தடவிப் பாத்திருக்கு. ஏறு."

"ஒரு துணிக்குக் கிடைச்ச மரியாதை எனக்குக் கிடைக்கல" என்று முணுமுணுத்தபடியே அவள் ஏறினாள்.

மரங்களின் தலைகள் காலுக்குக் கீழே போயின. ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் பெட்டி குலுங்கியது. அவர் துணியை இறுகப் பிடித்துக்கொண்டார். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே கதவு திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது. அவள் முழங்காலைப் பிடித்தபடி முதலில் இறங்கி, பழக்கத்தில் நாலடி போய், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தேடினாள்.

பின்னாலிருந்து அவர் பனியன் துணியால் அவள் தோளைத் தட்டினார்.