கரண்ட் குடிக்காத வீடு

எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மூத்த மகள் எழுதுகிறாள். இந்தக் கதையில் அவளும் வருகிறாள். அதனால் சில இடங்களில் பேனையை வைத்துவிட்டு, இது வேண்டாம் என்கிறாள். வேண்டும் என்று சொல்லித்தான் எழுத வைக்கிறேன்.

இப்போது திருகோணமலையில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கரண்ட் பில்லைத்தான். பகலில் லைட் போடாமல் இருக்கலாமா, ஃபான் இல்லாமல் படுக்கலாமா என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சண்டைக் காலத்தில், இதே துறைமுகப் பக்கத்தில், அப்படிப்பட்ட ஒரு வீட்டை வைத்துக்கொண்டு அதை விரும்ப ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

விற்பதற்கு என்று நினைக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் பார்ப்பார்கள். உண்மையில் வீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, சுவரைத் தட்டி, கதவை ஆட்டி, குசினிக்குள் எட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் பெண் எங்கே என்பார்கள்.

என் மனுசன் மேசன். மகளுக்கு என்று அவர் வீடு கட்டத் தொடங்கிய நேரம் சீமெந்துக்குப் பெரிய தட்டுப்பாடு. கல்லையும் களிமண்ணையும் வைத்து முழங்கைத் தடிப்பில் சுவர் எழுப்பினார். கடல் பக்கச் சுவரில் நிலத்தோடு பதிவாக ஒரு பெரிய சன்னல். எதிர்ச் சுவரில் ஓட்டுக்குக் கீழே நீளமாக ஒரு திறப்பு. கடற்காற்று கீழால் வந்து, சூட்டைத் தள்ளிக்கொண்டு மேலால் போய்விடும். கூடத்துக் கூரையில் ஓட்டுக்குப் பதிலாக இரண்டு கண்ணாடி ஓடு. பொழுது சாயும்வரை விளக்கு வேண்டாம். குசினியில் மரத்தூள் அடுப்பு. தகரத்துக்குள் மரத்தூளை இறுக்கி நிரப்பி, நடுவில் துளை விட்டுக் கொளுத்தினால் சோறும் கறியும் ஆகி, குளிக்க வெந்நீரும் ஆகும். தூள் இறுக்கும்போது யாரும் என்னுடன் கதைக்கக்கூடாது. கதைத்தால் துளை இடிந்துவிடும். என்னைக் கதைக்காமல் வைத்திருந்த ஒரே சாமான் அதுதான் என்று மனுசன் சொல்வார்.

கரண்ட் வந்தால் வந்தது, மண்ணெண்ணெய் கிடைத்தால் கிடைத்தது என்று ஊர் கிடந்த காலம். அப்படியிருந்தும் பெண் பார்க்க வந்தவர்கள் தேடியது அஸ்பெஸ்டஸ் சீற் கூரையையும், அறைக்கு ஒரு ஃபானையும்தான். ஃபான் சுற்றுமா என்று யாரும் கேட்கவில்லை, தொங்கினால் போதும். இரண்டு இடத்துச் சம்பந்தம் அப்படியே கைவிட்டுப் போனது. மண் வீடு என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

மூன்றாவதாக வந்தது தபால் கந்தோரில் வேலை செய்த பெடியன். தரகர் அந்தப் பெயரைச் சொன்னபோது மகள் தலையை நிமிர்த்தவேயில்லை. அந்த மாதம் முழுக்க அவள் முத்திரை வாங்கவென்று தபால் கந்தோருக்குப் போய் வந்ததை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் ஒரு கடிதமும் போனதில்லை. (இந்த இடத்தில்தான் பேனை கீழே போனது.) அந்தச் சம்பந்தமும் தப்பினால் பிள்ளை வாய் திறந்து சொல்லமாட்டாள், உள்ளுக்குள்ளேயே உடைந்துபோவாள் என்று எனக்குப் பயம்.

அதே தரகரின் கையில் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு பெண்ணின் சீதன வீடும் இருந்தது. சீற் கூரை, மூன்று ஃபான். மாப்பிள்ளையின் தாயார் காலையில் அதைப் பார்த்துவிட்டு மத்தியானம் எங்களிடம் வருவதாக ஏற்பாடு.

என் மச்சாள், மனுசனின் தமக்கை, விடிய முதலே வந்து நின்றார். ஓட்டையும் மரத்தையும் காட்டியா சம்பந்தம் பேசுவது என்று அவருக்குக் கோபம். நல்ல காரியத்துக்குக் கூரையின் கீழே வெள்ளைத் துணி விரித்துக் கட்டுவது எங்கள் வழக்கம். வெள்ளை கட்டினால்தான் வருகிறவர்களுக்கு மரியாதை என்று நின்று, கூடம் முழுக்கச் சுவரோடு சுவராகக் கட்டுவித்தார். சன்னலுக்குத் தடித்த திரை. பக்கத்து வீட்டு மேசை ஃபானையும் இரவல் வாங்கி, மூலையில் சாமி மாதிரி இருத்தினார். மனுசன் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமக்கையோடு வாதாடி வென்ற வரலாறு அவருக்கு இல்லாததால் பேசாமல் முகம் கழுவப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் தாயார் குச்சவெளிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். நல்ல வாட்டசாட்டமான மனுசி. வந்து கதிரையில் இருந்தார், ஃபானைப் போட்டோம். அவர் முகத்தை அதன் பக்கம் திருப்பவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

கண்ணாடி ஓட்டையும் மேல் திறப்பையும் வெள்ளை மூடிவிட்டது, சன்னலைத் திரை அடைத்துவிட்டது. பட்டப்பகலில் ஆளையாள் தெரியாத இருட்டு. உள்ளே ஒரே அவியல். அவர் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொன்னார்:

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. சரியா இருட்டிக் கிடக்கு. மூச்சும் முட்டுது."

தரகர் ஃபானின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். மச்சாள், கரண்ட் இப்போது வந்துவிடும் என்றார். அந்த அம்மா கதிரைக் கைப்பிடியில் கையூன்றி எழும்பப் பார்த்தார்.

அப்போது மகள் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள். இருட்டைப் பார்த்தாள், எழும்பியும் எழும்பாமலும் இருந்த அந்த அம்மாவைப் பார்த்தாள். தட்டை என் கையில் தந்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"கொஞ்சம் இருங்கோ மாமி."

நான் திகைத்துப் போனேன். சம்பந்தம் பேசி முடியவில்லை, அதற்குள் மாமியாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினாள். வெள்ளையின் முடிச்சை அவிழ்த்தாள், மற்ற மூலைக்குப் போய் அதையும் அவிழ்த்தாள். துணி சரிந்து தரகரின் தலையில் வந்து விழுந்தது. இறங்கித் திரையையும் ஒரு இழுவை இழுத்தாள்.

கண்ணாடி ஓட்டு வெயில் பொத்தென்று நிலத்தில் விழுந்தது. அடுத்த மூச்சில் கடற்காற்று கூடத்துக்குள் புகுந்தது. மச்சாள் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். தரகர் துணிக்குள்ளிருந்து வழி தேடிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா திரும்பக் கதிரையில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கோபமாக்கும் என்று நினைத்தேன்.

"ஒரு பாய் போடுங்கோ தங்கச்சி. கொஞ்சம் சாய்வம்" என்றார்.

பாய் போட்டோம். படுத்தார், குறட்டை வந்தது. தகரக் கொட்டிலில் வாடகைக்கு இருந்தவர்களாம். பகலில் கண் மூடி எத்தனையோ நாளாம். அதைப் பிறகுதான் சொன்னார். அவர் எழும்பும்வரை நாங்கள் எல்லோரும் குசினியில் ஒருவர் மடியில் ஒருவர் இருக்காத குறையாக ஒடுங்கி இருந்தோம். ஓட்டோக்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தான். நேரம் போனால் சோதனைச் சாவடியில் மறித்துவிடுவார்கள் என்று தரகர் முணுமுணுத்தார்.

எழும்பி முகம் கழுவி, மரத்தூள் அடுப்பைக் குனிந்து பார்த்தார். ஒரு மாதத்துக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் என்று கேட்டார். குப்பி விளக்குக்கு மட்டும்தான் என்றேன். பிறகு என் மனுசனிடம் திரும்பினார்.

"ஆர் கட்டினது?"

"நான்தான்."

"எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. அவளுக்கும் இப்பிடி ஒண்டு கட்டித் தருவியளோ? அதுக்கு ஓமெண்டால் என்ர மகனை இஞ்ச விடுறன்."

மனுசன் வாயைத் திறக்க முதல் நான் ஓமென்றுவிட்டேன்.

வெளியே ஓட்டோ முழக்கிக்கொண்டு நின்றது. அந்த அம்மா வெளிப்பக்கமாக நின்று சன்னலைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். தரகருக்குத் தொழில் ஞாபகம் வந்து, இன்னும் பெண்ணை முறையாகப் பார்க்கவில்லையே, கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் அவர், அளந்த சாண் பிசகாமல். "கதிரையில ஏறேக்கயே பாத்திட்டன்."