மணிக்கு சைடுகார் பூட்டிய கதை

என் நாயும் கால் மூட்டை நெல்லும் ஒன்றுதான் என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

மணிக்குப் பின்னங்கால் தளர்ந்துவிட்டது. இனி பைக் டேங்க் மேல் உட்கார்ந்து என்னோடு ஊர் சுற்ற முடியாது. அதனால் பூதலூர் பட்டறையில் பைக்கின் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத் தொட்டி மாதிரி ஒரு சைடுகார் பூட்டினேன்.

மணியின் எடைக்குக் கால் மூட்டை நெல்லை வைத்து ஓட்டிப் பார்த்தோம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை. மூட்டையை இறக்கி மணியை வைத்ததும் ஒரே ஊளை.

"நெல்லுக்குப் பயம் கெடையாதுங்க," என்ற பட்டறைக்காரர், தானே சைடுகாரில் ஏறி மணியை மடியில் வைத்துக்கொண்டார். "மெதுவா ஓட்டுங்க."

வாய்க்கால் கரையில் இரண்டு சுற்று. மணி அவர் தோளில் தலைசாய்த்துத் தூங்கியேவிட்டது.

அவர் இறங்கினார். மறுபடியும் ஊளை.

ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரை போகிறோம். வருகிறேன் என்கிறார் மனுஷர். அவர் மனைவியிடம் யார் போய்ப் பேசுவது?