கூடத்தில் கலைந்த பேச்சு

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஓர் அறைக்குள் சத்தம் எப்படி நடக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

இண்டூரில் எங்கள் பழைய வீட்டில் கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறையில்தான் ரேடியோ இருந்தது. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு மூட்டையில் சாய்ந்துகொள்வோம். நாடகத்தில் மாமியார் பேசினால் அவரும் மூக்கால் பேசிக் காட்டுவார். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் நான் ஒரு கொட்டையை அவர்மேல் எறிவேன். சின்ன ரேடியோதான். ஒரு வார்த்தை சிதறாது.

போன வருஷம் மகன் அந்த வீட்டை இடித்துப் பெரிய கூடம் வைத்துக் கட்டினான். தரையெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. புது வீட்டில் பழைய சாமான் ஆகாது என்று, பால் காய்ச்சுவதற்கு முன்பே மூட்டை, இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி எல்லாவற்றையும் மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினவள் நான்தான். மகன் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கி ரேடியோவோடு மாட்டி வைத்தான்.

அன்று முதல் எங்கள் வீட்டுக்காரருக்குப் பேச்சு புரியவில்லை. சத்தம் கேட்கும், வார்த்தை குழம்பிவிடும். கூட்டி வைத்தால் இன்னும் மோசம். ஒரு வாரம் பார்த்தார். "எனக்குக் காது போயிருச்சு, நீ கேளு" என்று எழுந்து வெளியே போய்விட்டார். அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மனுஷர். தனியாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மகன் தருமபுரியிலிருந்து ஸ்பீக்கர் மாட்டுகிறவர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் ஸ்பீக்கரைத் தொடவில்லை. நடுக்கூடத்தில் நின்று பலமாக ஒரு தடவை கை தட்டினார். தட்டி முடித்த பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது.

"தாத்தாவுக்குக் காது போவலைங்க ஆயா. வயசான காதுதான், ஆனா இந்த வூடு ஒவ்வொரு வார்த்தையையும் நாலு தடவ சொல்லுது. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்து மோதுதுங்க."

உடனே இரண்டு புடவையை எடுத்துவந்து சுவரில் கட்டினேன். அவர் மறுபடி தட்டினார். சத்தம் அப்படியே ஓடியது.

"மெல்லிசுத் துணிக்கு அடங்காதுங்க. மொத்தமா வேணும். அதுக்குன்னு போர்டு இருக்குது, சொன்னா வரவழைக்கலாம்."

"போர்டுக்குள்ள என்ன வெச்சிருப்பாங்க?"

"பஞ்சு மாதிரிதாங்க."

"பஞ்சுதானே? எங்க கொட்டாயில கெடக்குது."

மெத்தைகளை வெயிலில் தட்டிக் காயவைத்துச் சுவரோரம் நிறுத்தினேன். கண்ணாடிக்கு முன்னால் கம்பளியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டேன். மூலைகளில் மூட்டை. மருமகள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னங்க அத்தை, புது வூட்ட மண்டியாக்கிட்டீங்க?"

"நீ கை தட்டிப் பாரு."

தட்டினாள். சத்தம் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

வெளியே கட்டிலில் இருந்த எங்கள் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். "எதுக்குடி செவுட்ட இழுக்கற?" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். நாடகம் ஓடியது. நான் ரேடியோவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்தார்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறடி. காதுக்குள்ள வந்து கத்தறாங்க."

குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.