ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி

வேங்கிக்காலில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவள் என் மகள். அதனால் பிள்ளைகளை அனுப்பப்போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். ஊறுகாயை விமானத்தில் விடுவார்களா டீச்சர், குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வாங்கலாம் என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஊறுகாயா இப்போது பெரிய விஷயம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போதும், குக்கருக்கு கேஸ்கெட் கூடுதலாக ஒன்று வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவள் இங்கிலாந்துக்குப் போனது இரண்டாயிரத்து ஒன்றில். என் கணவர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். நான் கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். பெட்டி கட்டும்போது அவர் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தினசரி காலண்டரை வைத்தார். பாரம் ஜாஸ்தியாகும் என்று நான் கத்தினேன். நாள், கிழமை தெரிய வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே பெட்டியை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவள் போன் செய்வாள். அங்கே அப்போது மதியம். போன் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. அவர் நான்கரைக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவள் என்னமோ நேரில் பார்க்கப்போகிற மாதிரி. அப்பாவும் மகளும் பேசித் தீர்த்த பிறகு, அவளுடைய போன் கார்டில் காசு முடிகிற நேரத்தில்தான் எனக்கு ரிசீவர் வரும். சாப்பிட்டியா என்று கேட்பதற்குள் கட்டாகிவிடும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு, ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போவதாக அவள் சொல்லிவிட்டாள். அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற வேலைதான். அவருக்கு அது தெரியாது. "படிக்க அனுப்பினேனா, எச்சத் தட்டு கழுவ அனுப்பினேனா?" என்று கத்தினார். உங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா என்று அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பும்போது, "கோவத்துல பேசிட்டேன். ஞாயித்துக்கெழம அவகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆபீசிலேயே விழுந்துவிட்டார். வலது பக்கம் கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஆனால் காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, பேசிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர்.

மகளுக்குச் சொல்லிவிடலாம் அண்ணி என்று என் கொழுந்தனார் கெஞ்சினார். நான் மறுத்துவிட்டேன். ஜனவரியில் அவளுக்குப் பரீட்சை. சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

என் புத்தி அப்படிப் பழகிவிட்டது. ஒரு பத்தாம் வகுப்புப் பரீட்சையன்று காலையில் என் மாணவி ஒருத்தியின் அப்பா இறந்துபோனார். சேதி சொல்ல ஆள் வருவதற்குள் அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். வந்தவரை கேட்டிலேயே நிறுத்திவைத்து, அவள் எழுதி முடித்து வெளியே வந்த பிறகுதான் சொன்னேன். அவள் பாஸானாள். டீச்சர் இல்லையென்றால் ஒரு வருஷம் போயிருக்கும் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. அந்தப் பெண் மட்டும் அதற்குப் பிறகு என் முகம் பார்த்துப் பேசவில்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஐந்தரைக்கு மணி அடிக்கும். படுக்கையறையில் அவர் தலை கூடத்துப் பக்கம் திரும்பும். இடது கை விரல்கள் போர்வையைப் பிராண்டும். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போய்த்தான் ரிசீவரை எடுப்பேன். திரும்பி வந்தால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "ஒயர் இங்க வரைக்கும் எட்டாதுங்க" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

மகளிடம் வாராவாரம் ஒரு பொய். அப்பா ஆபீஸ் வேலையாக வேலூர் போயிருக்கிறார். அப்பா அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அப்பா இன்னும் கோவமா இருக்காராம்மா என்று ஒருமுறை கேட்டாள். சேச்சே, அதெல்லாம் இல்லை, வேலை என்றேன். ஒரு வாரம் எதுவும் தோன்றாமல், "பௌர்ணமி இல்ல, கிரிவலம் போயிருக்காருடி" என்றேன். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவைக் கேட்பதையே விட்டுவிட்டாள். பக்குவம் வந்துவிட்டது, இனி நிம்மதியாகப் படிப்பாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

பரீட்சை முடிந்தது. ஏதோ ப்ராஜெக்ட் என்றாள். அதுவும் முடியட்டும் என்று நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், பக்கவாதம் இரண்டாவது தடவை வந்ததில் அவர் போய்விட்டார்.

கொழுந்தனார்தான் அவளுக்குப் போன் செய்தார். அவள் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, அவர் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். நவம்பரிலிருந்து என்றேன்.

"நீ பௌர்ணமின்னு சொன்ன அன்னைக்கு காலண்டரப் பாத்தேன். பௌர்ணமி முடிஞ்சி எட்டு நாள் ஆயிருந்துச்சி. அப்பா பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, எங்கிட்ட பேசப் பிடிக்கல, அதான் நீ சமாளிக்கறன்னு நெனச்சேன்" என்றாள்.

எங்கள் ஊரில் பௌர்ணமியை மறக்கிறவர்கள் கிடையாது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும். வேங்கிக்கால் ரோட்டில் கூட்டம் நடந்து போய்க்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் நான் வாசலையே எட்டிப்பார்க்கவில்லை.

பிறகு, "அப்பாவுக்கு காது கேட்டுச்சாம்மா?" என்றாள்.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்காவது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எனக்குத் தெம்பில்லை. கேட்டுச்சு என்றேன். ஒயர் எட்டாது என்பதையும் சொன்னேன், அது ஒரு காரணம் என்பதுபோல.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். ஜன்னலோரத்திலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு ஒயரை இழுத்தபடி வந்தாள். அறை வாசலைத் தாண்டி இரண்டடி உள்ளே வந்ததும் ஒயர் இறுகி நின்றுவிட்டது. கட்டில் எதிர்ச்சுவரோரம் கிடந்தது. அதையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கட்டில இப்டி இழுத்துப் போட்டிருக்கலாமேம்மா" என்றாள்.